மறக்கும் கரு, மறக்காத கரு

முதுகலை இயற்பியல் மாணவர்களுக்கு அணுக்கரு வினைகள் பற்றிய பாடத்தைத் தொடங்கும் நாளில் நான் கரும்பலகையில் ஒரே ஒரு வினையைத்தான் எழுதுவது வழக்கம். செப்பு-63 கருவின் மீது ஒரு புரோட்டான் மோதுகிறது, ஒரு நியூட்ரான் வெளியேறுகிறது, துத்தநாகம்-63 மிஞ்சுகிறது. நிறை எண் மாறவில்லை, அணு எண் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இதைச் சுருக்கமாகப் பி-என் வினை என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி எழுதிவிட்டுத் திரும்பியபோது, முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "உள்ளே போன புரோட்டான்தான் நியூட்ரானாக மாறி வெளியே வருகிறதா, சார்?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போயிருக்கலாம். ஆனால் அணுக்கரு இயற்பியலின் எழுபது ஆண்டுக் கதை ஏறக்குறைய முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதை அன்று வீடு திரும்பும் வழியில் உணர்ந்தேன். அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை முழுமையாகச் சொல்லவே இந்தப் பதிவு.

நீல்ஸ் போர் 1936-இல் முன்வைத்த படத்தின்படி, அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. கருவுக்குள் நுழையும் புரோட்டான் தன் ஆற்றலை அங்குள்ள எல்லாத் துகள்களோடும் பகிர்ந்துகொண்டு, அவற்றில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. கரு முழுவதும் சூடேறுகிறது. பிறகு, அணுக்கருவின் கால அளவில் பார்த்தால் மிக நீண்ட நேரம் கழித்து, ஏதோ ஒரு துகளிடம் தற்செயலாகப் போதிய ஆற்றல் சேரும்போது, கொதிக்கும் நீரிலிருந்து ஒரு மூலக்கூறு ஆவியாவதைப் போல அது வெளியேறுகிறது. வெளியேறும் நியூட்ரான் முதலில் யாராக இருந்தது என்று கேட்பது, குடத்தில் ஊற்றிய ஒரு குவளை நீரை மறுபடியும் அப்படியே தேடி எடுக்க முயல்வதற்கு ஒப்பாகும். இந்த இடைநிலைக்குக் கூட்டுக்கரு என்று பெயர். தான் எப்படி உருவானோம் என்பதைக் கூட்டுக்கரு மறந்துவிடும் என்பதுதான் போரின் கூற்று.

இந்தக் கூற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் காட்டியவர் எஸ். என். கோஷால் என்ற இந்திய இயற்பியலாளர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் அவர் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வு, இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் கையாண்ட வழி எளிமையானது, அதனாலேயே அழகானது. துத்தநாகம்-64 என்ற கூட்டுக்கருவை இரண்டு வழிகளில் உருவாக்கலாம்: செப்பு-63 மீது புரோட்டானை மோதவிடலாம், அல்லது நிக்கல்-60 மீது ஆல்பா துகளை (இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்தது) மோதவிடலாம். எந்த வழியில் உருவானாலும் அது மூன்று விதமாகச் சிதையக்கூடும். ஒரு நியூட்ரான் வெளியேறினால் துத்தநாகம்-63, இரண்டு நியூட்ரான்கள் வெளியேறினால் துத்தநாகம்-62, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் வெளியேறினால் செப்பு-62 மிஞ்சும். பிறந்த வழியைக் கரு உண்மையிலேயே மறந்துவிடுமானால், இந்த மூன்றுக்கும் இடையிலான விகிதம் இரண்டு வழிகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இதை அளக்க நியூட்ரானைப் பார்க்கவே தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் சிறப்பு. மெல்லிய தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கற்றையைச் செலுத்தினால், ஒவ்வொரு தகட்டைக் கடக்கும்போதும் கற்றை சிறிது ஆற்றலை இழக்கும். ஆகவே ஒரே முறை கற்றையைச் செலுத்தினாலும், ஒவ்வொரு தகடும் வெவ்வேறு ஆற்றலில் நடந்த வினையின் பதிவாகிவிடும். பிறகு தகடுகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் எஞ்சியிருக்கும் கதிரியக்கத்தை எண்ண வேண்டும். துத்தநாகம்-63-இன் அரை ஆயுள் சுமார் 38 நிமிடம், துத்தநாகம்-62-க்குச் சுமார் 9 மணி நேரம், செப்பு-62-க்குச் சுமார் 10 நிமிடம். எது எவ்வளவு உண்டானது என்பதை அந்தத் தேய்வின் வேகமே காட்டிக்கொடுத்துவிடும்.

கோஷாலின் வளைவுகளை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களைக் கொண்டு வரைபடத்தாளில் நகலெடுக்கச் செய்வேன். புரோட்டான் வினைக்கான மூன்று வளைவுகள் ஒரு தாளில், ஆல்பா வினைக்கான மூன்று வளைவுகள் இன்னொரு தாளில். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சாளரத்தின் வெளிச்சத்தில் பிடித்தால் முதலில் பொருந்தாது. கூட்டுக்கரு 20 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அதாவது 20 எம்.இ.வி., கிளர்ச்சி ஆற்றலைப் பெற வேண்டுமானால், இன்றைய நிறை மதிப்புகளின்படி புரோட்டானுக்குச் சுமார் 12.5 எம்.இ.வி. போதும், ஆல்பாவுக்கோ 17 எம்.இ.வி. வேண்டும். ஆற்றல் அச்சைத் தக்கபடி நகர்த்தினால், சிகரத்தோடு சிகரமும் சரிவோடு சரிவும் ஏறத்தாழ இணைந்துவிடும். முதலில் ஒரு நியூட்ரான் வெளியேறும் வளைவு உயர்ந்து தாழ்கிறது. அது தாழும் இடத்தில் மற்ற இரண்டும் எழுகின்றன. அவற்றிலும் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து வெளியேறும் வளைவு, இரண்டு நியூட்ரான்கள் வெளியேறும் வளைவைவிட உயரமாக இருக்கிறது. மின்னூட்டத் தடையைத் தாண்ட வேண்டிய புரோட்டானுக்கு அது எப்படிச் சாத்தியம் என்று கவனமுள்ள மாணவர் கேட்பார். துத்தநாகம்-63-இலிருந்து ஒரு புரோட்டானைப் பிரிக்க 6.7 எம்.இ.வி. போதும், நியூட்ரானைப் பிரிக்க 9.1 வேண்டும் என்பது ஒரு காரணம். புரோட்டான் எண்ணிக்கை, நியூட்ரான் எண்ணிக்கை இரண்டுமே ஒற்றைப்படையாக உள்ள செப்பு-62-இல் ஆற்றல் மட்டங்கள் மிக நெருக்கமாக இருப்பதால், போய்ச் சேர இடம் அதிகம் என்பது இன்னொன்று.

அந்த இரண்டு தாள்களையும் சாளரத்தில் பிடித்துப் பார்த்த பிறகு, கரு மறக்கிறது என்பதை யாரும் மறுப்பதில்லை. என் மாணவியின் கேள்விக்கு இதுவரையிலான பதில்: "எது எதுவாக இருந்தது என்று அடையாளம் காணவே முடியாது."

ஆனால் கோஷால் எண்ணியது மிஞ்சியதைத்தான். வெளியேறிய நியூட்ரானையே பிடித்து, அது எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கேட்டால் கதை வேறாகிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் அதை வளைக்காது. வளைவை அளந்து ஆற்றலைச் சொல்லும் வழக்கமான கருவிகள் அதனிடம் பயன்படுவதில்லை. எஞ்சியிருக்கும் வழி, ஓட்டப்பந்தய நடுவரைப் போலக் கடிகாரத்தைக் கையில் எடுப்பதுதான். கற்றையை மிகக் குறுகிய துடிப்புகளாக்கி இலக்கின் மீது செலுத்திவிட்டு, சிறிது தொலைவில் வைத்த சிண்டிலேட்டரில், அதாவது துகள் பட்டால் மினுங்கும் பொருளில், ஒளிப்பொறி எப்போது தோன்றுகிறது என்று அளக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாள்களில் நான் ஒரு முடுக்கியில் இரவுப்பணி பார்த்தபோது, திரையில் முதலில் எழுவது எப்போதும் காமாக் கதிரின் ஊசிமுனைச் சிகரம்தான். மூன்று மீட்டர் தொலைவை அது 10 நானோ நொடியில் கடந்துவிடும். அதை வைத்தே கடிகாரத்தின் பூஜ்யத்தைக் குறிப்போம். பிறகு திரை கொஞ்ச தூரம் வெறுமையாக இருக்கும். 4 எம்.இ.வி. நியூட்ரான் 109 நானோ நொடியிலும், 1 எம்.இ.வி. நியூட்ரான் 217 நானோ நொடியிலும் வந்து சேரும். ஆவியாகி வந்தவை பெரும்பாலும் இந்த மெதுவான பக்கத்தில் மேடுபோலக் குவியும். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த மேடு ஒவ்வோர் எண்ணாக வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் இருந்த நிறைவு எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் வோங்கும் 1961-இல் இந்த முறையில் வனேடியம்-51 மீது புரோட்டான்களைச் செலுத்தினார்கள். மிஞ்சுவது குரோமியம்-51. ஆவியாகி வரும் நியூட்ரான்களின் மேட்டுக்கு அப்பால், அவர்களுக்குத் தனியாக ஒரு கூர்மையான சிகரம் கிடைத்தது. குரோமியம்-51 அந்த வினையில் சுமார் 6.5 எம்.இ.வி. கிளர்ச்சியோடு மிஞ்சியிருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. அந்த உயரத்தில் ஆற்றல் மட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அங்கே ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக்காட்ட எந்தக் காரணமும் இல்லை. ஆனால் வினைக்குச் செலவான ஆற்றல், கருவில் ஒரு மின்னூட்டம் கூடுவதால் உண்டாகும் கூலும் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமாக, சுமார் 8 எம்.இ.வி.யாக இருந்தது. வேறு எந்தச் செலவும் இல்லை. அதாவது வனேடியத்தில் இருந்த நியூட்ரான்களுள் ஒன்று, தன் இடத்தையும் தற்சுழற்சியையும் துளியும் மாற்றிக்கொள்ளாமல் புரோட்டானாக மாறிவிட்டது. மற்ற ஐம்பது துகள்களும் அசையவில்லை. உள்ளே வந்த புரோட்டான் நியூட்ரானாகத் தன் வழியே போய்விட்டது.

புரோட்டானும் நியூட்ரானும் ஒரே துகளின் இரண்டு நிலைகள் என்ற எண்ணத்தை ஹைசன்பர்க் 1932-இலேயே சொல்லியிருந்தார்; ஐசோஸ்பின் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. லேசான கருக்களில் அது செல்லுபடியாகும், கனமான கருக்களில் மின்விலக்கு அதைச் சிதைத்துவிடும் என்பதே பொதுவான நம்பிக்கையாக இருந்தது. அந்த ஒற்றைச் சிகரம் அந்த நம்பிக்கையை மாற்றிவிட்டது. என் மாணவியின் கேள்விக்கு இங்கே பதில், "ஆம், அதேதான்" என்பது. ஒரே வகை வினையில் கரு ஒரு பாதையில் எல்லாவற்றையும் மறக்கிறது, மற்றொரு பாதையில் எதையும் மறப்பதில்லை; எந்தப் பாதை என்பதை நியூட்ரானின் வேகம் சொல்லிவிடுகிறது.

இதற்கு அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது அதன் தற்சுழற்சியும் கூடவே புரளலாம். கருவிலுள்ள நியூட்ரான் தானாகவே புரோட்டானாக மாறி எலக்ட்ரானை வெளியிடும் பீட்டா சிதைவில் இத்தகைய மாற்றத்தைக் காமோவ்–டெல்லர் மாற்றம் என்பார்கள். கணக்கின்படி எவ்வளவு வேகமாக நடக்க வேண்டுமோ, அதைவிட மிக மெதுவாகவே இயற்கையில் அது நடந்தது. இகேதா, ஃபுஜீ, ஃபுஜித்தா ஆகியோர் 1963-இல் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: மாற்றத்தின் வலிமை அழிந்துவிடவில்லை, பீட்டா சிதைவு எட்ட முடியாத உயரத்தில் ஒரே பெரிய ஒத்ததிர்வாகத் திரண்டு நிற்கிறது. பீட்டா சிதைவுக்குத் தன் கையிருப்பில் உள்ள ஆற்றல் வரைதான் செல்ல முடியும். பி-என் வினைக்கு அந்தத் தடை இல்லை. வேண்டிய ஆற்றலை முடுக்கி கொடுக்கும். ஆகவே பீட்டா சிதைவை நடத்தும் பலவீன விசையின் வேலையை, கருவைப் பிணைக்கும் வலிமையான விசையைக் கொண்டு பார்க்கலாம்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1975-இல் 45 எம்.இ.வி. புரோட்டான்களைக் கொண்டு சிர்க்கோனியம்-90-இல் அந்த ஒத்ததிர்வின் தடம் கிடைத்தது. அது முழுமையாக வெளிப்பட்டது 1980-ஐ ஒட்டி, இந்தியானா பல்கலைக்கழகத்தின் சைக்ளோட்ரான் கூடத்தில், 100 எம்.இ.வி.க்கும் அதிகமான ஆற்றல்களில். அந்த ஆற்றலில் தற்சுழற்சியைப் புரட்டும் விசை, புரட்டாத விசையைவிட ஓங்கி நிற்கிறது என்பது இயற்கை நமக்குச் செய்த உதவி. நேர்முன்னே வரும் நியூட்ரான்களின் எண்ணிக்கை, பீட்டா சிதைவின் வலிமைக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதைச் சார்ல்ஸ் குட்மனும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள்.

இதற்குத் தேவைப்பட்ட உழைப்பை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 100 எம்.இ.வி. நியூட்ரான் 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 779.5 நானோ நொடி ஆகும், 101 எம்.இ.வி. நியூட்ரானுக்கு 776.1. ஒரு எம்.இ.வி. வேறுபாட்டைப் பிரித்தறிய, நூறு மீட்டர் ஓடவிட்ட பிறகும் கையில் கிடைப்பது மூன்று நானோ நொடி சொச்சம்தான். அவ்வளவு தொலைவில் இருக்கும் கனமான கருவிகளை ஒவ்வொரு கோணத்துக்கும் இழுத்துச் செல்ல முடியாது. ஆகவே கருவியை அசைக்காமல், இலக்கில் வந்து விழும் கற்றையின் திசையையே காந்தங்களால் திருப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மலையை நகர்த்த முடியாதபோது பாதையை மாற்றியிருக்கிறார்கள்.

அப்படி அளந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. காமோவ்–டெல்லர் வலிமைக்கு ஒரு கூட்டல் விதி உண்டு. நியூட்ரானைப் புரோட்டானாக்கும் மொத்த வலிமையிலிருந்து, புரோட்டானை நியூட்ரானாக்கும் மொத்த வலிமையைக் கழித்தால், நியூட்ரான் எண்ணிக்கைக்கும் புரோட்டான் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டின் மூன்று மடங்கு கிடைக்க வேண்டும். கருவின் உள்ளமைப்பு எப்படி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. 50 நியூட்ரான்களும் 40 புரோட்டான்களும் உள்ள சிர்க்கோனியம்-90-க்கு அது 30. ஆனால் பல கருக்களில் அளந்து பார்த்ததில் எதிர்பார்த்ததில் சுமார் 60 சதவீதம்தான் கணக்கில் வந்தது. பேரேட்டில் பத்துக்கு நான்கு ரூபாயைக் காணோம் என்றால் எந்தக் கணக்கரும் தூங்க மாட்டார்.

இரண்டு விளக்கங்கள் போட்டியிட்டன. புரோட்டானுக்குள்ளும் நியூட்ரானுக்குள்ளும் இருக்கும் குவார்க்குகளின் தற்சுழற்சி புரண்டு, துகள் தன்னைவிடச் சுமார் 300 எம்.இ.வி. கூடுதல் கனமான டெல்டா துகளாக மாறுகிறது, காணாமற்போன வலிமை அந்த உயரத்தில் இருக்கிறது என்றனர் ஒரு சாரார். அது உண்மையானால், ஒரு சாதாரண உலோகத் துண்டின் கருவில் குவார்க்குகளின் நேரடித் தடயம் கிடைத்ததாகப் பொருள்; அந்த ஆர்வம் முற்றிலும் இயல்பானது. மற்றோர் விளக்கம் அத்தனை கவர்ச்சியானது அல்ல. ஒத்ததிர்வு, கருவின் சிக்கலான பிற நிலைகளோடு கலந்து, பல பத்து எம்.இ.வி. அகலத்துக்குத் தட்டையாகப் பரவிக் கிடக்கிறது, நாம் அதைப் பின்னணி என்று கருதிக் கழித்துவிடுகிறோம் என்பது. பெர்ட்ஷும் ஹமமோட்டோவும் 1982-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

விடை வர 1997 வரை ஆயிற்று. ஒசாகா பல்கலைக்கழகத்தின் அணுக்கரு ஆய்வு மையத்தில், நூறு மீட்டர் நீளமுள்ள நியூட்ரான் சுரங்கத்தைப் பயன்படுத்தி, 295 எம்.இ.வி. புரோட்டான்களால் வகாசா குழுவினர் அதே சிர்க்கோனியம்-90-ஐ மறுபடியும் அளந்தார்கள். சிகரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், 50 எம்.இ.வி. கிளர்ச்சி வரை நீண்ட அந்தத் தட்டையான பகுதியை ஒவ்வொரு கோணத்திலும் அளந்து, அதில் காமோவ்–டெல்லர் வகைக்குரிய பங்கை மட்டும் பிரித்தெடுத்தார்கள். கூட்டல் விதியின் சுமார் 90 சதவீதம் அங்கே இருந்தது. எதிர்த் திசை வினையையும் சேர்த்து 2005-இல் செய்த அளவீடும் அதை ஒட்டியே வந்தது. டெல்டாவுக்கு மிஞ்சியது சிறு பங்குதான். காணாமற்போனது எனத் தேடியது முதல் நாளிலிருந்தே எல்லோருடைய தரவிலும் இருந்தது. தட்டையாக இருந்ததால் மட்டுமே அது பின்னணி எனப்பட்டது. பின்னணியைக் கழிக்கும் முன் இருமுறை யோசியுங்கள் என்று ஆய்வு மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதற்கு இந்த நிகழ்வே காரணம்.

இந்த அளவீடுகள் சூரியன் வரை போகின்றன. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களைப் பிடிக்கக் காலியம்-71-ஐப் பயன்படுத்தினார்கள். நியூட்ரினோ பட்டால் அது ஜெர்மானியம்-71 ஆகும். ஒரு நியூட்ரினோ பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு என்று தெரியாமல் பிடிபட்டவற்றை எண்ணிப் பயனில்லை. ஜெர்மானியத்தின் தரைநிலைக்கான வாய்ப்பை அதன் சிதைவிலிருந்தே கணக்கிடலாம். கிளர்ச்சி நிலைகளுக்கு அப்படி வழி இல்லை. அந்த இடத்தை இந்தியானாவில் காலியம்-71 மீது செய்து 1985-இல் வெளியான பி-என் அளவீடு நிரப்பியது. ரஷ்யாவின் பக்சான் நிலத்தடி ஆய்வகத்தில் குரோமியம்-51 மூலத்தை வைத்து நடத்தி 2022-இல் வெளியிட்ட சோதனையில், எதிர்பார்த்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஜெர்மானியம் உண்டானது. புதிய வகை நியூட்ரினோவா என்ற கேள்வி எழும்போதெல்லாம், கிளர்ச்சி நிலைகளின் பங்கை மறுபடியும் சரிபார்க்கிறார்கள். அது சுமார் 5 சதவீதம் மட்டுமே என்பதால், அதை முற்றிலும் நீக்கினாலும் பற்றாக்குறை தீர்வதில்லை. ஆண்டர்சனும் வோங்கும் தங்கள் சிகரத்தைக் கண்ட அதே குரோமியம்-51 இங்கே நியூட்ரினோ தரும் விளக்காக வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் பழைய நண்பரை வெளியூரில் சந்தித்ததைப் போன்ற மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

இலக்காக வைக்கவே முடியாத கருக்களும் உண்டு. 28 புரோட்டான்களும் 28 நியூட்ரான்களும் கொண்ட நிக்கல்-56 ஆறே நாளில் பாதியாகிவிடும். வெடிக்கப்போகும் விண்மீனின் மையத்தில் அது எலக்ட்ரானை எவ்வளவு வேகமாக விழுங்கும் என்பது முக்கியமான கேள்வி. இரண்டு எண்ணிக்கைகளும் சமமாக இருப்பதால் கூட்டல் விதி இங்கே பூஜ்யமாகிறது. இரு திசை வலிமைகளும் ஒன்றே. ஆகவே பி-என் வினையில் அளந்ததை அப்படியே எலக்ட்ரான் விழுங்கலுக்கும் பயன்படுத்தலாம். மிச்சிகனில் 2011-இல் வெளியான ஆய்வில் நிக்கல்-56-ஐயே கற்றையாக்கி, திரவ ஹைட்ரஜன் மீது செலுத்தினார்கள். ஜப்பானின் ரைக்கென் ஆய்வகம் அதே முறையைச் சுமார் 40 நொடி அரை ஆயுள் கொண்ட வெள்ளீயம்-132-க்குக் கையாண்டு 2018-இல் முடிவுகளை வெளியிட்டது.

வரும் பருவத்தில் கரும்பலகையில் அந்த வெள்ளீயம்-132 வினையைத்தான் முதலில் எழுதலாம் என்று இருக்கிறேன். அதில் புரோட்டான் அசையாமல் நிற்கிறது. கரு ஒளியின் வேகத்தில் பாதிக்கும் அதிகமான வேகத்தில் வந்து அதன்மேல் மோதுகிறது. நின்றுகொண்டிருந்த அந்தப் புரோட்டான் நியூட்ரானாகி, மெல்ல நகர்ந்து பக்கவாட்டில் வைத்த சிண்டிலேட்டர்களை நோக்கி வருகிறது. கரு முன்னால் போய்விடுகிறது. அந்த மாணவி இன்று வகுப்பில் இருந்திருந்தால், எது எதுவாக மாறியது என்பதைக் கேட்க வேண்டியிருக்காது. படத்திலேயே விரலை வைத்துக் காட்டியிருப்பாள்.